அறுபதுக்கு மேல் கீபோர்டு

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்ற பழமொழியைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் யாருமில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்தியவரும் எங்களுள் ஒருவர் உண்டு. அந்தப் பழமொழி முழு உண்மையானால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை. ஏனெனில், 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாங்கள் மூவரும் முதன்முதலாகக் கீபோர்டின் முன் அமர்ந்தபோது எங்களுள் இளையவருக்கு வயது 61, மூத்தவருக்கு 71.

நாங்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். ஒருவர் இப்பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஒருவர் சிற்றாலயத்தைக் கவனித்துவரும் சகோதரி. மூன்றாமவர், இப்போது ஆறாம் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தியின் பாட்டி. தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். பேத்தியை அழைத்துப் போக மாலையில் வருபவர், மணி அடிக்கும்வரை இசை அறையின் வராந்தாவில்தான் உட்கார்ந்திருப்பார். மூவருள் இதை எழுதுவது யார் என்று கேட்காதீர்கள். ஒருவர் எழுத, மற்ற இருவரும் அடித்துத் திருத்தியதே இது.

சிற்றாலயத்தில் கீபோர்டு வாசித்துவந்த மாணவி பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குச் சென்றுவிட்டாள். கருவி துணி போர்த்தியபடி மூலையில் கிடந்தது. பாடற்குழுப் பிள்ளைகள் துணைக்கருவி இல்லாமலே பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள், ஆனால் ஒவ்வொரு சரணத்துக்கும் சுருதி சற்றுச் சற்றாக இறங்கும். கடைசிச் சரணம் வரும்போது சின்னப் பிள்ளைகளுக்குக் குரல் எட்டாத பள்ளத்தில் பாட்டு போய் விழுந்திருக்கும். இப்படி இறங்குவது பிள்ளைகளின் குற்றமன்று. பிடித்துக்கொள்ள ஒரு சுருதி இல்லாதபோது, பெரிய பாடகர் குழுக்களுக்கும் நேர்வதுதான். அதை வாரந்தோறும் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல்தான் சகோதரி துணியை விலக்கினார். தனியாக உட்கார வெட்கப்பட்டு ஆசிரியையை அழைத்தார். வராந்தாவில் இருந்த பாட்டி தாமாகவே எழுந்து உள்ளே வந்தார்.

எங்களுக்குக் குரு ஒன்பதாம் வகுப்பு மாணவி, வயது 14. அவள் முறையாக மேனாட்டு இசைக்குறி படித்துத் தேர்வு எழுதி வருபவள். எங்களுக்கும் அதையே கற்பிக்க முதலில் முயன்றாள். ஐந்து கோடுகளும் அவற்றின் மேல் புள்ளிகளும் எங்கள் இரட்டைப் பார்வைக் கண்ணாடிக்கு ஒன்றோடொன்று கலந்து தெரிந்தன. அதைவிட முக்கியமான தடை ஒன்று இருந்தது. நாங்கள் பயன்படுத்தும் பாடற்புத்தகத்தில் சொற்கள் மட்டுமே அச்சாகியுள்ளன, மெட்டு இல்லை. மெட்டெல்லாம் காதிலிருந்து காதுக்கு வந்தவை. ஆகவே செவிவழியே போவதென்று முடிவாயிற்று. (மாணவிகளே, இதைச் சாக்காகச் சொல்லி நீங்கள் இசைக்குறி கற்காமல் இருந்துவிடாதீர்கள். அது பெரிய செல்வம். எங்களுக்கு நேரம் குறைவு, உங்களுக்கு அப்படியில்லை.)

முதல் வாரம் நாங்கள் செய்தது முழுத் தவறு. தெரிந்த பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டையாக அமுக்கி அமுக்கி, “இதுவா? இல்லை, இதுவா?” என்று தேடினோம். ஒரே ஓர் அடிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மறுநாள் அந்த ஓரடியும் மறந்துபோயிற்று. எங்கள் குரு பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “டீச்சர், கையை மடியில வைங்க. முதல்ல பாடுங்க. அப்புறம் தேடுங்க.”

செவிவழிக் கற்றல் முழுவதும் இந்த வரிசையில்தான் அடங்கியிருக்கிறது. கட்டையை அமுக்கிப் பாட்டைத் தேடுபவர், காதுக்கு வேலை கொடுக்காமல் விரலை அலைய விடுகிறார். பாட்டை முதலில் வாய்விட்டோ முனகியோ பாடிவிட்டால், அடுத்த சுரம் மேலே போகிறதா, கீழே இறங்குகிறதா, அருகிலா, தாவலா என்பது தொண்டைக்கே தெரிந்துவிடுகிறது. விரல் பின்னால் போனால் போதும். எந்த இடத்தில் குரல் தடுமாறுகிறதோ அந்த இடத்தில்தான் விரலும் தடுமாறும். அங்கே பயிற்சி வேண்டியது விரலுக்கன்று, காதுக்கு.

எந்த ஒலியைக் கேட்டாலும் அது இன்ன சுருதி என்று உடனே சொல்லிவிடும் செவி சிலருக்கு உண்டு. சிறு வயதிலேயே இசைப் பயிற்சி தொடங்கியவர்களிடம்தான் அது பெரும்பாலும் காணப்படுகிறது. எங்கள் வயதில் அதற்கு ஆசைப்படுவது வீண். ஆனால் பாட்டு வாசிக்க அது தேவையுமில்லை. ஒரு சுரத்துக்கும் மற்றொரு சுரத்துக்கும் உள்ள தொலைவை அறியும் செவி இருந்தால் போதும். அந்தச் செவி எங்கள் மூவரிடமும் ஐம்பது ஆண்டுகளாக இருந்தது. அதற்கு ஒரு வேலையும் கொடுத்ததில்லை, அவ்வளவுதான். வானொலியில் கச்சேரி தொடங்குமுன் தம்பூரா மீட்டுவதை எத்தனை முறை கேட்டிருப்போம்! பஞ்சமம், பிறகு இரண்டு முறை மேல் ஷட்ஜம், பிறகு கீழ் ஷட்ஜம். ‘ப, ச, ச, ச’ என்ற அந்த நாதம் எங்கள் காதில் ஊறிக் கிடந்தது. கட்டையில் அதைத் தேடி எடுக்க எங்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

சகோதரி இன்னும் பெரிய சான்று ஒன்றைத் தந்தார். அவர் சிறுமியாக இருந்தபோது திருப்பலி லத்தீனில் நடந்தது. 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்ட பிறகே தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. பொருள் தெரியாமலே அவர் எட்டு வயதில் பாடிய ‘கீரியே’யின் மெட்டு ஒன்று, அறுபது ஆண்டுகள் கழித்து, அவரே எதிர்பாராமல் விரல்நுனியில் வந்து நின்றது. அன்று அவர் மறுபடியும் மறுபடியும் அதையே வாசித்துக்கொண்டிருந்தார். நாங்களும் இடையில் பேசவில்லை.

கருவியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். எங்களுடையது 61 கட்டைகள் கொண்ட சாதாரணக் கீபோர்டு. வெள்ளை 36, கறுப்பு 25. பன்னிரண்டு கட்டைகள் சேர்ந்து ஒரு ஸ்தாயி. இவ்வாறு ஐந்து ஸ்தாயிகள். ஒவ்வொரு கட்டைக்கும் நம் நாட்டு ஹார்மோனியக்காரர்களும் பாடகர்களும் அழகான கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்துக்கு இடப்பக்கமுள்ள வெள்ளைக் கட்டை ஒன்று. அங்கிருந்து வலப்பக்கமாக வெள்ளையை இரண்டு, மூன்று, நான்கு என்று ஏழுவரை எண்ண வேண்டும். இடையிலுள்ள கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை, நான்கரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரையும் ஏழரையும் கிடையாது. அங்கே கறுப்பே இல்லையே! ‘அவர் ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார்’ என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கட்டையை ஷட்ஜமாக வைத்துப் பாடுகிறார் என்பதே பொருள்.

இனி, எங்களை மாதக்கணக்கில் கட்டிப்போட்ட ஒரு வேடிக்கையைச் சொல்கிறோம். வீட்டில் எந்தக் கீபோர்டோ ஹார்மோனியமோ இருந்தாலும் செய்து பார்க்கலாம். வெள்ளைக் கட்டைகளை மறந்துவிட்டு, கறுப்பை மட்டும் தொடுங்கள். நான்கரைக் கட்டையை ‘ச’ என்று வைத்துக்கொண்டு கறுப்பிலேயே மேலே ஏறுங்கள்: நான்கரை, ஐந்தரை, ஆறரை, ஒன்றரை, இரண்டரை, மீண்டும் நான்கரை. நீங்கள் வாசித்தது மோகன ராகத்தின் ஆரோகணம்! ஒரு பிழையும் நேராது. நேரவும் முடியாது, தப்பான சுரமே அங்கில்லை. விரலுக்குப் பயந்தவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை என்பது எங்கள் துணிபு.

அதே ஐந்து கறுப்புக் கட்டைகளில், இப்போது ஐந்தரையை ‘ச’ என்று வைத்து ஏறுங்கள். மத்தியமாவதி வரும். ஆறரையிலிருந்து ஏறினால் இந்தோளம். ஒன்றரையிலிருந்து சுத்த சாவேரி. இரண்டரையிலிருந்து சுத்த தன்யாசி. கட்டைகள் மாறவில்லை, எது வீடு என்பது மட்டும் மாறுகிறது. இதைக் கர்நாடக இசையில் கிரக பேதம் என்பார்கள். வெள்ளைக் கட்டைகளிலும் இப்படியே: ஒன்றிலிருந்து சங்கராபரணம், இரண்டிலிருந்து கரகரப்பிரியா, மூன்றிலிருந்து தோடி, நான்கிலிருந்து கல்யாணி, ஐந்திலிருந்து அரிகாம்போதி, ஆறிலிருந்து நடபைரவி ஆகியவற்றின் சுரங்கள் கிடைக்கும். ஏழிலிருந்து மட்டும் ராகம் அமையாது. ஏனென்று கேட்டால், அங்கிருந்து எண்ணும்போது சுத்தமான பஞ்சமம் வருவதில்லை. ஆசிரியை இதைக் கண்டுபிடித்த மாலையில், தாமே உலகில் முதன்முதலாகக் கண்டுபிடித்ததைப்போல வராந்தாவில் போவோர் வருவோரையெல்லாம் அழைத்துக் காட்டினார்.

இதில் காதுக்குக் கிடைக்கும் பயிற்சி என்னவென்றால், ‘வீடு’ எது என்று உணர்வதுதான். எந்தப் பாட்டையும் வாசிக்குமுன் அது எந்தச் சுரத்தில் வந்து இளைப்பாறுகிறது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் கடைசிச் சொல்லில் அது வெளிப்படும். அதுவே ஷட்ஜம். தொடங்கும் சுரமே ஷட்ஜம் என்று நினைத்து நாங்கள் பலமுறை ஏமாந்தோம். ஆஸ்திரியாவில் ஓபர்ன்டோர்ஃப் என்னும் சிற்றூரில் 1818ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முன்னிரவில் முதன்முதலாகப் பாடப்பட்டு, இன்று தமிழிலும் பாடப்படுகிற ‘சைலன்ட் நைட்’ பாடல் பஞ்சமத்தில் தொடங்குகிறது, ஷட்ஜத்தில் முடிகிறது. தொடக்கத்தை வீடென்று எண்ணினால் பாட்டு முழுவதும் கோணலாகிவிடும்.

முதுமையும் காதும் பற்றி ஒரு வார்த்தை. வயது ஏற ஏறக் கேட்கும் திறன் குறைவது இயல்பு. ஆனால் அது எல்லா ஒலிகளிலும் ஒரே அளவில் குறைவதில்லை. மிக உயர்ந்த ஒலிகளே முதலில் மங்குகின்றன. பேச்சில் ஸ, ஷ, ஃப போன்ற உரசும் ஒலிகள் அந்த உயரத்தில் இருப்பதால், வயதானவர்களுக்குக் குரல் கேட்கும், சொல் புரியாது. சகோதரிக்கு இந்தக் குறை உண்டு. ஆயினும் எங்கள் கீபோர்டின் கடைசிக் கட்டையின் அடிப்படை ஒலிகூட நொடிக்கு ஏறத்தாழ 2,093 அதிர்வுகள்தான், முதற்கட்டை 65. மெட்டு வாழும் இடம் இதற்குள்தான். அதனால், பக்கத்தில் நின்று நாம் பேசுவதைப் பாதி தவறவிடும் சகோதரி, மாணவி ஒருத்தி அரைக் கட்டை தவறிப் பாடினால் திரும்பிப் பார்த்துவிடுவார். ஒரு தொல்லை மட்டும் இருந்தது. காதுக் கருவியைப் போட்டுக்கொண்டு வாசித்தால் ஒலி தகரத்தில் தட்டுவதுபோல் இருக்கிறதென்றார். அக்கருவிகள் பேச்சைத் தெளிவாக்கவே அமைக்கப்படுகின்றன. இசையை அவை சிதைப்பதுண்டு. செவித்திறன் நிபுணரிடம் சொன்னபோது இசைக்கெனத் தனி அமைப்பு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார். இதே குறையுள்ள தாத்தா பாட்டிகள் வீட்டிலிருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள்; கேட்டால்தான் செய்து கொடுப்பார்கள்.

விரல்கள் வேறு கதை. காது தரும் வேகத்தில் அவை வளைவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். பழமொழி இங்கே பாதி வென்றது. குரு ஒரே நாளில் பிடிப்பதை நாங்கள் மூன்று வாரத்தில் பிடித்தோம். கட்டைவிரலை ஒன்று என எண்ணி, ஒன்று, இரண்டு, மூன்று வாசித்து, கட்டைவிரலை அடியால் நுழைத்து மீண்டும் ஒன்றிலிருந்து ஐந்துவரை போவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. சுண்ணக்கட்டி பிடித்தே பழகிய ஆசிரியைக்கு இடக்கை என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. நாற்காலி தாழ்வாக இருந்தால் மணிக்கட்டு வலிக்கும். முழங்கை கட்டைகளின் உயரத்துக்கு வரும்படி தலையணை போட்டுக்கொண்டோம். நாள்தோறும் 15 நிமிடம், அதற்குமேல் இல்லை என்று விதி வைத்தோம். வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட, சிறிது சிறிதாகப் பல நாள் பயில்வதே மனத்தில் நிற்கும். இதை எபிங்கௌஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் நினைவாற்றலைப் பற்றி 1885இல் வெளியிட்ட நூலிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார். தேர்வுக்கு முந்தின இரவு மட்டும் படிப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை வாசிக்கலாம்.

இடக்கைக்கு மூன்றே மூன்று கார்டுகள். ச-க-ப ஒன்று, ம-த-ச ஒன்று, ப-நி-ரி ஒன்று. ஒன்றாம் கட்டையை ஷட்ஜமாக வைத்தால் மூன்றும் வெள்ளையிலேயே கிடைக்கும். சங்கராபரணச் சாயலுள்ள எளிய பாடல்கள் பலவற்றுக்கும், மேலே சொன்ன கிறிஸ்துமஸ் பாடலுக்கும், இவை போதும. எந்த இடத்தில் எந்தக் கார்டு என்பதையும் காதுதான் சொல்ல வேண்டும். முதற்கார்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததுபோல் இருக்கும். ப-நி-ரி வாசலில் செருப்பைத் தேடுவதுபோல, இப்போதே வீடு திரும்ப வேண்டும் என்று தவிக்கும். ம-த-ச அடுத்த வீட்டுக்குப் போய்வந்ததுபோல. இது பாட்டி சொன்ன உவமை. எங்கள் குரு அதைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டாள்.

கீபோர்டில் ‘டிரான்ஸ்போஸ்’ என்றொரு பொத்தான் உண்டு. வெள்ளைக் கட்டைகளிலேயே விரலை வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் குரலுக்கு ஏற்பச் சுருதியை ஏற்றவோ இறக்கவோ அது உதவும். எங்களைப் போன்றவர்களுக்கு வரப்பிரசாதம், கவனமில்லாவிட்டால் வம்பு. 2024ஆம் ஆண்டு ஒரு முதல் வெள்ளித் திருப்பலியில், இரண்டு முறை அமுக்க வேண்டியதைப் பதற்றத்தில் ஆறு முறை அமுக்கிவிட்டோம். பாட்டு மோட்டுக்கு ஏறிவிட்டது. பிள்ளைகள் எட்டிப் பிடிக்கப் பார்த்தார்கள். மூன்றாம் அடியில் ஒவ்வொருத்தியாக நின்றுவிட, கடைசியில் கீபோர்டு மட்டும் பாடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் தோள்கள் குலுங்குவதைப் பார்த்தோம். இப்போது பொத்தானை அமுக்கிய பின் ஷட்ஜத்தை ஒருமுறை மெதுவாகத் தொட்டு, வாய்க்குள் பாடிப் பார்த்த பிறகே தொடங்குகிறோம்.

இனிப் பாட்டியின் கதை. நாங்கள் இருவரும் சிற்றாலயத்துக்காகக் கற்றோம். அவர் அதற்காக வரவில்லை என்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது.

பாட்டிக்கு அவருடைய தாயார் பாடிய தாலாட்டு ஒன்று இருந்தது. அந்தக் கடற்கரைச் சிற்றூரில் அந்த மெட்டை வேறு யாரும் பாடி அவர் கேட்டதில்லை. உடன்பிறந்தவர்களுக்குச் சொற்களில் சில நினைவிருந்தன, மெட்டு இல்லை. அவர் தம் பிள்ளைகளுக்கும் பேத்திக்கும் அதைப் பாடித்தான் தூங்க வைத்தார். பிறகு தைராய்டுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. உயிருக்குக் கேடில்லை, குரல்தான் தேய்ந்துவிட்டது. பேச முடிகிறது. பாடினால் ஐந்தாறு சுரங்களுக்குமேல் எழும்பவில்லை. தாலாட்டோ கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜம்வரை போகிறது. “பேத்திக்குப் பாதிப் பாட்டுத்தான் ஞாபகம் இருக்கு. மேலே போற பாதி எனக்கு இனிமே வராது. இந்தப் பெட்டியிலயாவது வருமான்னு பார்க்கத்தான் உள்ளே வந்தேன், சிஸ்டர்” என்றார் ஒருநாள்.

முதலில் பாடு, பிறகு தேடு என்ற விதி அவருக்கு எப்படிப் பொருந்தும்? குரு ஒரு வழி சொன்னாள். குரலுக்கு எட்டாத சுரங்களை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிப் பாடிப் பார்ப்பது. விரலில் மட்டும் மேல் ஸ்தாயியில் எடுப்பது. அதே சுரம்தானே, இடம்தான் வேறு. இப்படி ஒவ்வொரு சொல்லாக, சில நாள் ஒரு சுரத்துக்கு ஒரு மாலை என்று, கறுப்புக் கட்டைகளிலேயே அந்த மெட்டைத் தேடினார். நான்கரையை ஷட்ஜமாக வைத்தபோது ஏறக்குறைய எல்லாம் வந்தமைந்தன. 2024 நவம்பரில் முழுவதையும் வாசித்தார். பேத்தி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அந்த இடம் அது இல்ல பாட்டி” என்றாள்.

காந்தாரத்தில்தான் சிக்கல். ஆறரைக் கட்டையை வைத்தால் சற்று மேலே இருக்கிறது. ஆறை வைத்தால் அழுகிறாற்போல் கீழே போகிறது. பாட்டியைப் பாடச் சொன்னோம். நல்லவேளையாக அந்தச் சுரம் அவர் குரலுக்குள் இருந்தது. அவர் பாடியது இரண்டுக்கும் நடுவில்! நடுக்கீபோர்டில் ஆறாம் கட்டையின் ஒலி நொடிக்கு 440 அதிர்வு. அடுத்த ஆறரை ஏறத்தாழ 466. இடையில் ஒன்றுமில்லை. பாடும் குரலுக்கு அந்த இடைவெளியில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம், வழுக்கிக்கொண்டும் போகலாம். கட்டைக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

இது புதிய வழக்கன்று. பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1842இல் உரிமம் பெற்ற ஹார்மோனியம் நம் நாட்டுக்கு வந்து ஊரெங்கும் பரவியபோதே இந்தக் குறை எழுந்தது. நம் இசையின் கமகங்களும் நுண்சுருதிகளும் கட்டையில் பிடிபடுவதில்லை என்று பலர் வாதாடினர். அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தையே தடை செய்தது; 1971ஆம் ஆண்டுதான் அந்தத் தடை தளர்ந்தது. தடை சரியா, தவறா என்று எங்களுக்குள் ஒரு மாலை முழுதும் வழக்கு நடந்தது. ஒரு பெட்டி இல்லாவிட்டால் சுருதி நிற்காத ஆயிரம் பிள்ளைகளுக்கு அது செய்யும் உதவியை எண்ணினால் தடை மிகை என்பதே எங்கள் முடிவு. ஆனால் பேத்தியின் காது கண்டுபிடித்த குறையும் உண்மைதான். சுரத்தை வளைக்கும் சக்கரம் சில கீபோர்டுகளில் உண்டு என்றாள் குரு. எங்களுடையதில் இல்லை.

“அந்த ஒண்ணை நான் பாடிக்கிறேன்” என்றார் பாட்டி.

அவ்வாறே இப்போது நடக்கிறது. மாலை மணி அடித்த பின் இசை அறையின் பக்கம் வந்தால் கேட்கலாம். தாலாட்டு கீபோர்டில் தொடங்குகிறது. அவர் குரலுக்கு எட்டாத மேல் ஷட்ஜம்வரை விரல்கள் ஏறி இறங்குகின்றன. காந்தாரம் வரும் இடத்தில் கை கட்டையை விட்டு எழுகிறது. பாட்டி தேய்ந்த குரலில் அந்த ஒரு சுரத்தைப் பாடுகிறார். பிறகு விரல்கள் தொடர்கின்றன. பேத்தி அதைத் தன் அம்மாவின் கைபேசியில் பதிந்து வைத்திருக்கிறாள். இப்போது அவளும் நான்கரைக் கட்டையில் விரல் வைத்துத் தேடத் தொடங்கியிருக்கிறாள். காந்தாரம் வந்ததும் கையைத் தூக்கிவிட்டுப் பாட்டியைப் பார்க்கிறாள்.